கீறல் விழுந்த கல்யாண சிடியைத் தேற்ற

காரைக்குடிப் பக்கம் எந்த வீட்டு அலமாரியைத் துழாவினாலும் ஐயா, ஆச்சி அறுபதாம் கல்யாண சிடி ஒன்று உறையில்லாமல் கிடக்கும். நின்று நின்று ஓடுகிறதா? முதலில் கழுவுங்கள், பல நேரம் பிரச்சினை கைரேகையும் எண்ணெய்ப் பிசுக்கும்தான். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, குழாய்த் தண்ணீர், மெல்லிய பழைய வேட்டித் துணி போதும். நடு ஓட்டையிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்த்தால் புதுக்கீறல் தடத்தோடு தடமாக ஓடி, பிளேயரால் சமாளிக்கவே முடியாமல் போகும்.

அப்புறமும் நின்றால், ஜெல் இல்லாத வெள்ளைப் பற்பசையைக் கீறல் மேல் மட்டும் தடவி, அதே நேர்கோட்டில் லேசாகத் தேய்த்து, கழுவி, நிழலில் காயவையுங்கள். தின்னர், பெட்ரோல் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் கெட்டுவிடும். ப்ளூ-ரேக்குப் பற்பசையும் கூடாது, அதன் காப்புறை 0.1 மி.மீ.தான்.

கீறல் படம் அச்சிட்ட பக்கமா? விசிடி என்றால் கஷ்டம், பதிவு அந்த அச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. டிவிடியில் அது 1.2 மி.மீ. தடிமனுக்கு நடுவே இருப்பதால் பெரும்பாலும் தப்பிக்கும். விரிசல் விட்டதை மட்டும் போடாதீர்கள், சுற்றும் வேகத்தில் உள்ளேயே சிதறலாம்.

சரி, ஓடிவிட்டதா? அன்றைக்கே பென்டிரைவில் ஏற்றிவிடுங்கள்.