தயிர் உறைவது எதனால்? அடுப்படியிலேயே சோதித்துப் பார்க்கலாம்

ராத்திரி பாலில் ஒரு ஸ்பூன் தயிர் விட்டு வைத்தால் காலையில் தயிர். ஏன் என்று கேட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட "பாக்டீரியா" என்று சொல்லிவிடும். சரி, அது பாக்டீரியாவின் வேலைதான், தயிரில் இருக்கும் புளிப்பின் வேலை இல்லை என்று எப்படித் தெரியும்? எலுமிச்சம்பழம் பிழிந்தாலும்தான் பால் திரிகிறது.

முதலில் ஒரு தாளை எடுத்து உங்கள் ஊகத்தை எழுதிவிடுங்கள்: "தயிரில் உயிருள்ள ஏதோ ஒன்று இருக்கிறது, அதைக் கொன்றுவிட்டால் பால் உறையாது." இதைத்தான் கருதுகோள் என்கிறார்கள். முன்கூட்டியே எழுதவில்லை என்றால், முடிவு எப்படி வந்தாலும் "நான் அப்பவே நினைத்தேன்" என்று மனசு மாற்றிப் பேசும்.

அரை லிட்டர் பாலை நன்றாகக் காய்ச்சி, விரல் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும் அளவுக்கு ஆறவிடுங்கள். நான் முதல் தடவை அவசரப்பட்டுச் சூடு ஆறும் முன்பே உறை ஊற்றிவிட்டேன், ஒன்றுகூட உறையவில்லை, அரை லிட்டர் பாலும் வீண். கொதிநீரில் கழுவிய நான்கு டம்ளர்களில் 100 மில்லி வீதம் ஊற்றிக்கொள்ளுங்கள். முதல் டம்ளரில் வெறும் பால். இரண்டாவதில் ஒரு ஸ்பூன் தயிர். மூன்றாவதில் அதே தயிர்தான், ஆனால் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து ஆறிய பிறகு ஒரு ஸ்பூன். நான்காவதில் பச்சை மிளகாய்க் காம்பு இரண்டு. தயிர் இல்லாத நாளில் காம்பு போட்டாலே உறையும் என்று பாட்டிமார் சொல்வார்களே, அதையும் பார்த்துவிடலாம்.

ஒவ்வொரு டம்ளருக்கும் தனி ஸ்பூன். இதில் அசட்டையாக இருந்தால் மொத்தமும் கெட்டது. நான்கையும் மூடி, ஒரே இடத்தில், ஒரே நேரம் வையுங்கள்.

எட்டு மணி நேரம் கழித்து டம்ளரைச் சாய்த்துப் பாருங்கள். இரண்டாவது இறுகியிருக்கும், முதலாவது பாலாகவே இருக்கும். இந்தச் சோதனையின் உயிர் மூன்றாவது டம்ளரில்தான் இருக்கிறது. கொதித்த தயிரிலும் புளிப்பு அப்படியே இருக்கிறது, போனது உயிர் மட்டும். அது உறையாமல் நின்றால் புளிப்புதான் காரணம் என்ற வாதம் அடிபட்டுப் போகிறது. உறைந்துவிட்டால்? உங்கள் கருதுகோளுக்குத்தான் அடி, அதையும் அப்படியே எழுதுங்கள்.

இன்னும் நம்பாதவர்களுக்கு ஒரு வேலை. இரண்டாவது டம்ளரிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்துப் புதுப் பாலில் உறை ஊற்றுங்கள், அதிலிருந்து மறுநாள், அதிலிருந்து அதற்கடுத்த நாள். ஒவ்வொரு முறையும் சுமார் 20 மடங்கு நீர்த்துப்போகிறது. மூன்றாம் நாள் டம்ளரில் பழைய தயிர் 8000-இல் ஒரு பங்குகூட இருக்காது, ஆனாலும் அதேபோல் உறைகிறது. பெருகுகிற ஏதோ ஒன்று இருந்தால்தான் இது நடக்கும். பாலின் சர்க்கரையான லாக்டோஸைத் தின்று அது லாக்டிக் அமிலம் விடுகிறது, அந்த அமிலம் கூடக் கூடக் கேசீன் என்ற புரதம் இறுகுகிறது. 1857-இல் பிரான்சின் லீல் நகரில் லூயி பாஸ்டர் ஏறக்குறைய இந்த வழியில்தான் போனார். புளித்த திரவத்தில் படிந்த சாம்பல் நிறப் பொருளில் துளி எடுத்துப் புதுக் கரைசலில் விட்டார், அங்கும் அது பெருகிப் புளிக்க வைத்தது. நொதித்தல் வெறும் வேதிச் சிதைவு என்று ஜெர்மனியில் லீபிக் என்ற வேதியியலாளர் அடித்துப் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

மிளகாய்க் காம்பு? எனக்கு மறுநாள் மதியம்தான் இறுகியது, அதுவும் தண்ணீர் விட்டுக்கொண்டு. (இதைச் சாப்பிட வேண்டாம், என்ன கிருமி வளர்ந்தது என்று தெரியாது.) காம்பில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாதான் காரணம் என்றால், கொதிக்க வைத்த காம்பு உறைய வைக்கக் கூடாது. இரண்டு தடவை பார்த்தேன், ஒரு தடவை உறையவில்லை, ஒரு தடவை உறைந்தது. மூடி சரியாக மூடவில்லையோ என்று சந்தேகம், ஆனால் நமக்குப் பிடிக்காத முடிவுக்கு மட்டும் மூடியைக் குறை சொல்வது நியாயமில்லை. வருகிற ஞாயிறு பச்சைக் காம்பு மூன்று டம்ளர், கொதித்த காம்பு மூன்று டம்ளர் வைக்கப் போகிறேன், பால் கணக்கை மட்டும் வீட்டில் இன்னும் சொல்லவில்லை.