கச்சேரிக் குரலோடு ராக் ஆல்பம்: சேலத்துப் பாடகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கர்நாடக சங்கீதம் முறையாகக் கற்று மேடை ஏறியவர்களுக்கு ராக் பாட்டுகளைப் பதிவு செய்யும் ஆசை வந்தால், அது நல்ல ஆசைதான். அமெரிக்க ஓபரா பாடகி ரெனே ஃபிளெமிங் 2010-ல் ‘டார்க் ஹோப்’ என்று முழு ராக் ஆல்பமே வெளியிட்டார். சுமார் 3,800 பேர் அமரும் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கில் மைக் இல்லாமல் பாடிப் பழகிய சோப்ரானோ (உச்ச ஸ்தாயிப் பெண்குரல்) அவர். அந்த ஆல்பத்தில் உச்ச ஸ்தாயியை விட்டு வெகுவாக இறங்கி, பேச்சுக் குரலுக்குப் பக்கத்தில் பாடினார். நம்மவர்கள் முதலில் கோட்டை விடுவது இங்கேதான்.

கச்சேரியில் உங்கள் சுருதி 5 கட்டை (மேற்கத்திய ‘ஜி’) என்றால் ராக்குக்கும் 5 கட்டைதான் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். கிடாரிஸ்ட் மூன்றாவது ஃபிரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டி, ஈ கார்டு வடிவத்தை ஜி ஆக்கித் தந்துவிடுவார். அவருக்குச் சுலபம், கோரஸ் வரும்போது கீச்சிடப்போவது உங்கள் குரல். பாட்டின் ஆகத் தாழ்ந்த ஸ்வரத்தையும் ஆக உயர்ந்த ஸ்வரத்தையும் குறித்துக்கொண்டு, வரிகளைப் பேசுவதுபோலச் சொல்ல முடிகிற சுருதியைத் தேடுங்கள். 5 கட்டைப் பெண்குரலுக்கு அது 2 கட்டையாகக்கூட இருக்கலாம்.

அடுத்தது கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது. கிடாரில் ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் ஒலிக்கும் பவர் கார்டு ஓடும்போது காந்தாரத்தை அசைத்தால் அழகாக இழையும். அதே இடத்தில் கீபோர்டு முழு மேஜர் கார்டு பிடித்தால், அதில் அசையாமல் நிற்கும் அந்தர காந்தாரத்தோடு உங்கள் காந்தாரம் மோதும். கேட்பவருக்கு அபஸ்வரமாகப் படும். இதற்குப் பயந்து கமகத்தையே துடைத்தெறிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கிறது. பல வருடச் சாதகத்தை ஏன் வாசலில் கழற்றிவைக்க வேண்டும்? எந்த வரியில் எந்தக் கார்டு வருகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு, இடம் பார்த்து அசையுங்கள்.

தாளத்தில் ஒரே விஷயம்: ராக்கில் ஸ்னேர் டிரம் அடி பெரும்பாலும் இரண்டாவது, நான்காவது அடிகளில் விழும். தாளம் தொடங்கும் முதல் அடியான சமத்தில் அழுத்திப் பழகியவர்கள் கிளிக் டிராக்கோடு (காதில் சீராகத் தட்டும் ஒலியோடு) வீட்டிலேயே பாடிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

மைக்கை வாயோடு ஒட்டிப் பாடினால் அடிக்குரல் வீங்கிக் கேட்கும், ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று வெடிக்கும். ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் வீட்டு ஸ்டுடியோ என்றால் தறிச் சத்தம் தரை வழியாகவே மைக்கில் ஏறும். தறி நிற்கும் நேரம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். அமைதி தேடி ஏற்காடு போகிறவர்கள் 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி இறங்கிய கையோடு பாடவேண்டாம். காது அடைத்திருந்தால் சுருதி பிடிபடாது. குளிரில் கிடார் தந்தியும் சுருதி மாறும்.

கரகரப்புக்காகத் தொண்டையை இறுக்கிக் கத்துவது ஆபத்து. குரல்நாணில் முடிச்சு விழலாம். வலி தெரிந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

கவர், அதாவது ஏற்கெனவே வந்த பாட்டைத் திரும்பப் பாடிப் பதிவு செய்வதற்கும் சட்டம் உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவின்படி, மூலப் பாட்டு முதலில் பதிவான ஆண்டு முடிந்து 5 ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். முன்னறிவிப்பும் ராயல்டியும் உண்டு. அந்த மெட்டுக்குத் தமிழ் வரி எழுதுவதாக இருந்தால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியை முதலில் வாங்குங்கள். ஸ்டுடியோவுக்கு முன்பணம் அதற்கப்புறம் கொடுக்கலாம்.