பழைய மார்ட்டின் கிட்டார்: வயதும் விலையும்

கம்பிகளைத் தளர்த்தி, ஒலித்துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கழுத்து உடலோடு சேரும் கட்டையில் வரிசை எண் பதிந்திருக்கும். அமெரிக்க கிட்டார் நிறுவனமான மார்ட்டின் 1898-ல் 8000-லிருந்து எண்ணத் தொடங்கியது. ஆண்டுவாரிப் பட்டியலோடு ஒப்பிட்டால் வயது தெரியும்.

எண்ணோடு நின்றுவிடாதீர்கள். சிறு கண்ணாடியை உள்ளே விட்டு, முன்பலகையின் அடியில் எக்ஸ் வடிவில் ஓடும் சட்டங்களைப் பாருங்கள். 1944-க்கு முந்தைய உருக்குக் கம்பி கிட்டாரில் அவை குழிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். நேராக இருந்தால் முன்பலகை மாறியிருக்கலாம். விலை வெகுவாக இறங்கும்.

மார்ட்டினின் டி-28 மாடலில் பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் 1969 வரை பிரேசில் ரோஸ்வுட் மரம், பிறகு இந்திய ரோஸ்வுட். முன்னதற்கு மதிப்பு மிக அதிகம். ஆனால் அந்த மரம் 1992 முதல் சைட்டீஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) தடைப்பட்டியலில் இருப்பதால், அனுமதிச் சான்று இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பி விற்க முடியாது.

ஃபிரெட்டுகள் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகள்) மேல் நேர்விளிம்பு அளவுகோலை வையுங்கள். அதன் முனை பிரிட்ஜின் (முன்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை) மேல்விளிம்பைத் தொட வேண்டும். கீழே இறங்கினால் கழுத்தைக் கழற்றிக் கோணம் திருத்தியாக வேண்டும். அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

விற்குமுன் புதுப் பூச்சு மட்டும் அடித்துவிடாதீர்கள். கீறலோடு இருக்கும் அசல் பூச்சுக்குத்தான் காசு. மறுபூச்சு மதிப்பைப் பாதிவரை குறைத்துவிடும்.