பைசைடில் நமக்கென ஒரு விண்டோ: மூடும் முன் கேள்வி கேட்கும் குறிப்பேடு

பைத்தானில் கிளாஸ் எழுதப் பழகியவர்கள் அடுத்து விண்டோ செய்து பார்க்க வேண்டும். கிளாஸ் எதற்கு என்பது அங்கேதான் கண்ணுக்குத் தெரியும். விண்டோக்களை உருவாக்கும் நூலகமான கியூட்டியைப் பைத்தானில் பயன்படுத்த உதவும் பைசைடு6-ஐ பிப் மூலம் நிறுவிக்கொள்ளுங்கள்.

முதல் படி: குறிப்பேடு என்றொரு கிளாஸ் தொடங்குங்கள் (பைத்தான் 3 தமிழ்ப் பெயரையும் ஏற்கும்). அடைப்புக்குறிக்குள் தாய் கிளாஸாக கியூமெயின்விண்டோ. மெனுவுக்கும் டூல்பாருக்கும் ஸ்டேட்டஸ்பாருக்குமான இடம் அதிலிருந்தே வந்துவிடும்.

இரண்டாம் படி: இனிட் மெத்தட். முதல் வரியிலேயே சூப்பர் வழியாகத் தாயின் இனிட்டை அழையுங்கள். கியூட்டி சி++ மொழியில் எழுதப்பட்டது. உண்மையான விண்டோ அந்தப் பக்கம்தான் உருவாகிறது. இந்த வரி இல்லாவிட்டால் பைத்தான் ஆப்ஜெக்ட் மட்டும் இருக்கும், பின்னால் விண்டோ இருக்காது. ரன்டைம் எரர் வரும். அடுத்து செட்விண்டோடைட்டில், ரீசைஸில் 600, 400. எழுதும் பெட்டியான ஒரு கியூடெக்ஸ்ட்எடிட்டை செல்ஃப்.எடிட்டர் என வைத்து, செட்சென்ட்ரல்விட்ஜெட்டில் கொடுங்கள்.

மூன்றாம் படிதான் முக்கியம். க்ளோஸ்ஈவென்ட் என்ற மெத்தட் தாயிடம் ஏற்கெனவே உண்டு. விண்டோவை மூடும்போது கியூட்டியே அதை அழைக்கிறது; நாம் அழைப்பதில்லை. அதே பெயரில் நாம் எழுதினால் நம்முடையது ஓடும். எடிட்டரின் டாக்குமென்டில் இஸ்மாடிஃபைடு உண்மை என்றால், அதாவது எழுத்து மாறியிருந்தால், கியூமெசேஜ்பாக்ஸில் ‘எழுதியதை விட்டுவிடலாமா?’ என்று கேளுங்கள். ‘ஆம்’ என்றால், கியூட்டி நம் மெத்தடுக்குத் தரும் ஈவென்ட்டின் அக்செப்ட், ‘இல்லை’ என்றால் இக்னோர். இக்னோர் செய்தால் விண்டோ மூடாது.

பெயரில் கவனம்: க்ளோஸ்ஈவென்ட் என்பதில் ஈவென்ட்டின் முதல் எழுத்து மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்து. தவறினால் எந்த எரரும் வராது. தாயின் மெத்தடே ஓடி, விண்டோ பேசாமல் மூடிவிடும். ஏன் கேள்வி வரவில்லை என்று தேடுபவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

கடைசியாக இயக்குவது. கியூஅப்ளிகேஷன் ஆப்ஜெக்டை முதலில் உருவாக்குங்கள். அது இல்லாமல் விட்ஜெட் (திரையில் தெரியும் பாகம்) எதுவும் பிறக்காது. பிறகு குறிப்பேடு, அதைக் காட்டும் ஷோ, நிரலை ஓடவைக்கும் எக்செக் என்ற வரிசை.

இது சரியாக ஓடியதும், எக்செக் வரிக்கு முன் இன்னொரு குறிப்பேடு ஆப்ஜெக்டையும் உருவாக்கி, தனி வேரியபிளில் வைத்து ஷோ செய்யுங்கள். ஒரு ஃபங்ஷனுக்குள் மட்டும் வைத்தால், ஃபங்ஷன் முடிந்ததும் அந்த விண்டோ மறைந்துவிடும். சரியாக வைத்தால் ஒவ்வொரு விண்டோவும் தன் எழுத்துக்குத் தானே கேள்வி கேட்கும். இரண்டையும் மூடிய பிறகே நிரல் முடியும்.