பொய்யன் முரண்புதிர்: தாளில் எழுதிப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

'இந்த வாக்கியம் பொய்.' கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கத் தத்துவவாதி, மிலேட்டஸ் நகரத்து யூபுலிடிஸின் பெயரோடு சேர்ந்தே வரும் புதிர் இது. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். படிப்பதைவிட எழுதிப் பார்த்தால்தான் இது பிடிபடும்.

படி 1. மேற்கோள் குறியைக் கவனியுங்கள். மரம் நிழல் தரும். 'மரம்' நிழல் தராது, அது மூன்றெழுத்துச் சொல். முதலில் சொல்லைப் பயன்படுத்துகிறோம், அடுத்ததில் சொல்லைப் பற்றிப் பேசுகிறோம். நம் புதிரும் ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான், அதுவும் தன்னைப் பற்றியேதான், பேசுகிறது.

படி 2. புதிரை இரண்டு வழியிலும் சோதியுங்கள். மெய் என்று வைத்துக்கொண்டால், அது சொல்கிறபடி அது பொய். சரி, பொய் என்றே வைத்துக்கொள்வோம். தன்னைப் பொய் என்றுதானே சொல்கிறது? அப்படியானால் சொன்னது மெய்! 'இரண்டும் இல்லை' என்று விட்டுவிடத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. இப்போது 'இந்த வாக்கியம் மெய் அல்ல' என்று மாற்றி எழுதுங்கள். இரண்டும் இல்லை என்றால் அது மெய் அல்ல. அது சொல்வதும் அதையேதான். மறுபடி மாட்டிக்கொண்டோம்.

படி 3. தன்னைத்தானே சுட்டுவதுதான் கோளாறா? 'இந்த வாக்கியத்தில் ஐந்து சொற்கள் உள்ளன.' எண்ணிப் பாருங்கள், சரியாக இருக்கும். 'ஆறு' என்று மாற்றினால் வெறும் பொய். முரண் எதுவும் வரவில்லை.

படி 4. எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். தாளின் முன்பக்கத்தில் 'பின்பக்க வாக்கியம் மெய்' என்றும், பின்பக்கத்தில் 'முன்பக்க வாக்கியம் பொய்' என்றும் எழுதுங்கள். ஆங்கிலேயக் கணித அறிஞர் பிலிப் ஜோர்டெய்ன் 1913இல் முன்வைத்த வடிவம் இது. எந்த வாக்கியமும் தன்னைச் சுட்டவில்லை, ஆனாலும் முரண் வருகிறது. அப்புறம் பின்பக்கத்தை அடித்துவிட்டு 'மூன்றும் நான்கும் ஏழு' என்று எழுதுங்கள். முன்பக்கத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை, ஆனால் அது இப்போது சாதாரண உண்மை! ஆக, ஒரு வாக்கியத்தை மட்டும் உற்றுப் பார்த்து அதில் முரண் உண்டா என்று சொல்லிவிட முடியாது.

படி 5. ஒவ்வொரு வாக்கியத்திலிருந்தும் அது எதை நம்பி நிற்கிறதோ அதை நோக்கி அம்பு வரையுங்கள். அம்பு கூட்டல் கணக்கிலோ, மழை பெய்கிறதா என்பது போன்ற உலக நடப்பிலோ போய் முடிந்தால் மெய்யா பொய்யா என்று தீர்க்கலாம். சுற்றிச் சுற்றி வந்தால் தீர்க்க வழியில்லை. அமெரிக்கத் தத்துவவாதி சால் கிரிப்கி 1975இல் சொன்ன தீர்வின் மையம் ஏறக்குறைய இதுதான். போலந்து நாட்டுத் தர்க்க அறிஞர் ஆல்ஃபிரட் டார்ஸ்கி 1933இல் வேறு வழி காட்டினார்: ஒரு மொழியின் வாக்கியங்களை மெய், பொய் என்று சொல்ல, அதற்கு மேலே இன்னொரு மொழி வேண்டும். நாம் பேசும் மொழியில் அப்படி மாடிகள் இல்லை. அதனால் என் மனம் கிரிப்கி பக்கமே சாய்கிறது. ஆனால் அவர் வழியிலும் 'அந்தப் பொய்யன் வாக்கியம் மெய் அல்ல' என்று சொல்ல மேல்மொழிக்குப் போகத்தான் வேண்டும். அதை அவரே ஒப்புக்கொண்டார்.

பயிற்சிக்கு 'இந்த வாக்கியம் மெய்' என்று எழுதி அம்பு வரையுங்கள். மெய் என்று கொண்டாலும் முரண் வராது, பொய் என்று கொண்டாலும் வராது. அம்பு மட்டும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும்.