எல்லைக்கல் நடுவதற்கு முன்: தேசிய வரலாற்றுத் தலம் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சமூகத்தின் முன்னோர் புதைக்கப்பட்ட நிலத்தையோ, வழிபட்ட பாறையையோ, கொல்லப்பட்ட ஆற்றங்கரையையோ தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்துப் பாதுகாக்க அரசு முன்வருவது வரவேற்கத்தக்கது. ஆனால் நோக்கத்தில் குறை இல்லாத திட்டங்களும் வேலைகளைச் செய்யும் வரிசையில் தவறிவிடுகின்றன. முதலில் வரைபடம் தயாராகிறது, எல்லை குறிக்கப்படுகிறது, நிதி ஒதுக்கப்படுகிறது. அந்த நிலத்தோடு தலைமுறை தலைமுறையாக உறவு கொண்ட மக்களிடம் கருத்துக் கேட்பது கடைசியில்தான் நடக்கிறது. பின்னால் எழும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு தவறிலிருந்தே கிளைக்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

இடம் எது என்பதை ஒரே வகைச் சான்றைக் கொண்டு முடிவுசெய்வது, அப்படிக் கிளைக்கும் தவறுகளில் முதன்மையானது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள சாண்ட் கிரீக் வரலாற்றுத் தலம் உருவான விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். 1864 நவம்பர் 29 அன்று கர்னல் ஜான் சிவிங்டன் தலைமையில் வந்த அமெரிக்கப் படையினர், அந்த ஓடைக்கரையில் முகாமிட்டிருந்த செயென், அராபஹோ பழங்குடி மக்களைத் தாக்கிச் சுமார் 230 பேரைக் கொன்றனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியோர். 1950இல் ஓடையின் ஒரு வளைவைப் பார்த்தபடி இருக்கும் மேட்டில் நினைவுக்கல் ஒன்று நாட்டப்பட்டது. முகாம் இருந்த இடம் அந்த வளைவுதான் என்பதே கொல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுடைய நம்பிக்கையும் ஆகும். ஆனால் 1990களில் அங்கே நடந்த தேடலில் எதிர்பார்த்த தடயங்கள் கிடைக்கவில்லை. எனவே, இடத்தை உறுதிசெய்யும்படி தேசியப் பூங்காச் சேவைக்கு உத்தரவிடும் சட்டம் ஒன்றை அந்நாட்டு நாடாளுமன்றம் 1998இல் இயற்றியது.

அதற்கடுத்த ஆண்டு நடந்த தொல்லியல் ஆய்வில், பீரங்கிக் குண்டின் சிதறல்களும் சமையல் பாத்திரங்களின் துண்டுகளும் அந்த வளைவிலிருந்து சற்றுத் தள்ளி, ஓடையின் மேற்பகுதியில் செறிந்து கிடப்பது தெரியவந்தது. வழித்தோன்றல்களோ, படுகொலையிலிருந்து உயிர் தப்பிய ஜார்ஜ் பென்ட் வரைந்த வரைபடங்களையும் தங்கள் மூத்தோர் சொல்லிவந்த செய்திகளையும் முன்வைத்து, முகாம் இருந்தது வளைவில்தான் என்பதில் உறுதியாக நின்றனர். இத்தகைய நிலையில், மண்ணுக்கு அடியில் கிடைத்ததை மட்டும் சான்றாக ஏற்று, வாய்மொழி வரலாற்றை அறிக்கையின் பின்னிணைப்பில் சேர்த்துவிட்டு நகர்வது எளிது. சாண்ட் கிரீக்கில் அப்படிச் செய்யவில்லை. முகாம் எங்கே இருந்தது என்பதில் இரு தரப்பும் வேறுபட்டாலும், நிகழ்வு நடந்த மொத்தப் பரப்பில் இருவருக்கும் உடன்பாடு இருந்ததால், இரு கருத்துகளுக்கும் இடம் தரும் வகையில் சுமார் 12,500 ஏக்கர் பரப்புக்கு எல்லை வகுக்கப்பட்டது. கிடைத்த பொருள், எது எங்கே எஞ்சியது என்பதைத்தான் காட்டும். வெள்ளமும் உழவும் நினைவுப்பொருள் சேகரிப்போரும் எவற்றை அகற்றினார்கள் என்பதை அது காட்டாது. ஆகவே வாய்மொழிச் செய்தியைத் தொல்லியல் முடிவுக்கு முன்பே, சொல்பவரின் சம்மதத்தோடு பதிவுசெய்வதுதான் முறை.

யாரிடம் கேட்பது என்பதிலும் தவறு நேர்கிறது. தலத்துக்கு அருகில் இன்று குடியிருப்போரை மட்டும் அழைத்து ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தினால் கடமை முடிந்ததாகக் கொள்கிறார்கள். அருகில் வாழும் உழவர்கள், நில உரிமையாளர்களின் கருத்தும் கட்டாயம் தேவைதான். ஆனால் வன்முறையால் துரத்தப்பட்டவர்களின் நிலம் என்றால், அதற்கு உரியவர்கள் அங்கே இருக்கமாட்டார்கள். சாண்ட் கிரீக்கில் கொல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இன்று ஓக்லஹோமா, மொன்டானா, வயோமிங் ஆகிய வேறு மாநிலங்களில் உள்ள பழங்குடி அரசுகளைச் சேர்ந்தவர்கள். அவர்களைத் தேடிச் செல்வதற்கான பயணச் செலவும் மொழிபெயர்ப்பாளருக்கான ஊதியமும் முதல் ஆண்டு நிதித் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும்.

கேட்பது ஒன்று, அதிகாரத்தில் பங்கு தருவது இன்னொன்று. ஆஸ்திரேலியாவின் உலுரு பாறை அமைந்த பகுதி 1950இல் தேசியப் பூங்கா ஆனபோது, அதன் பாரம்பரிய உரிமையாளர்களான அனங்கு மக்களுக்கு நிர்வாகத்தில் இடம் இல்லை. 1985 அக்டோபர் 26 அன்றுதான் நிலவுரிமை அவர்களிடம் திருப்பி அளிக்கப்பட்டது. அவர்கள் அதைத் தேசியப் பூங்கா இயக்குநருக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டனர். நிர்வாகக் குழுவிலும் அவர்களுக்கே பெரும்பான்மை கிடைத்தது. அத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும், பாறையின் மீது ஏற வேண்டாம் என்ற அவர்களின் வேண்டுகோள் தடையாக நடைமுறைக்கு வர 2019 அக்டோபர் ஆகிவிட்டது. பயணிகளின் பழக்கமும் சுற்றுலா வருவாயும் ஒருமுறை வேரூன்றிவிட்டால் அவற்றை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இந்த 34 ஆண்டுகளே சான்று. எங்கே நடக்கலாம், எங்கே படம் எடுக்கலாம், எங்கே நுழையவே கூடாது என்ற விதிகளை வாயில் திறப்பதற்கு முன்பே உரிய மக்களோடு சேர்ந்து வகுத்துவிட வேண்டும்.

அறிவிப்பையே பாதுகாப்பு என்று நம்பிவிடுவதும் பரவலாக இருக்கிறது. கனடாவில் ஓர் இடத்துக்குத் தேசிய வரலாற்றுத் தலம் என்ற தகுதி கிடைத்தால், அது கௌரவம்தான். அந்த அறிவிப்பு மட்டுமே சட்டப் பாதுகாப்பைத் தருவதில்லை. அமெரிக்காவின் தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் சேர்ப்பதும், கூட்டாட்சி அரசின் பணமோ அனுமதியோ தொடர்புபடாதவரை, தனியார் உரிமையாளர் தம் சொத்தை இடிப்பதைத் தடுக்காது. ஆகவே எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு எந்தச் செயலைத் தடைசெய்கிறது, மீறினால் என்ன தண்டனை, யார் வழக்குத் தொடரலாம் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவது முக்கியம். நிர்வாக ஆணையால் பிறந்த பாதுகாப்பு இன்னோர் ஆணையால் சுருங்கவும் கூடும். யூட்டா மாநிலத்தில் ஐந்து பழங்குடி அரசுகளின் முயற்சியால் 2016 டிசம்பரில் சுமார் 13.5 லட்சம் ஏக்கரில் அறிவிக்கப்பட்ட பியர்ஸ் இயர்ஸ் தேசிய நினைவிடம், ஓராண்டுக்குள் ஏறக்குறைய 85 சதவீதம் குறைக்கப்பட்டு, 2021இல் மீண்டும் விரிவாக்கப்பட்டது. நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்துக்குக் காலம் பிடிக்கும் என்றாலும் அதையே இலக்காகக் கொள்வது நல்லது.

எல்லையைப் பொறுத்தவரை, கண்ணுக்குத் தெரியும் கட்டடத்தையோ பாறையையோ மட்டும் சுற்றிக் கோடு போடுவது போதாது. சடங்குக்கு வரும் பாதை, நீர் எடுக்கும் சுனை, அங்கிருந்து தெரியும் தொடுவானம் எல்லாம் அந்த இடத்தின் பொருளில் அடங்கும். பழங்காலச் சின்னங்களைப் பாதுகாக்கும் இந்தியச் சட்டத்தில் 2010ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டரைத் தடைசெய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கடுத்த 200 மீட்டரைக் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாகவும் வைத்திருக்கிறது. நிலையான அளவு இருப்பது செயல்படுத்த வசதிதான். ஆனால் பரந்த பண்பாட்டு நிலப்பரப்புக்கு அந்த இடத்தைப் பார்த்துத்தான் அளவு வகுக்க வேண்டும்.

கொடுத்த அனுமதியை மறுபரிசீலனை செய்ய வழி வைக்காமல் விடுவது மிகக் கொடிய விளைவைத் தந்திருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூகன் பள்ளத்தாக்கில், 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் தங்கியதற்குச் சான்று உள்ள பாறைக் குகைகளை ரியோ டின்டோ சுரங்க நிறுவனம் 2020 மே மாதத்தில் வெடிவைத்துத் தகர்த்தது. 2013இல் சட்டப்படி அனுமதி பெறப்பட்டிருந்தது. அதற்கு அடுத்த ஆண்டு நடந்த அகழாய்வில், சுமார் 4,000 ஆண்டுப் பழமையான மனித முடிப் பின்னல் உட்பட அரிய பொருள்கள் கிடைத்தன. அந்தப் பின்னல், குகைகளுக்கு உரிமையுடைய இன்றைய மக்களின் முன்னோரோடு மரபுவழியில் தொடர்புடையது என்பதும் தெரியவந்தது. ஆனால் புதிய கண்டுபிடிப்பைக் காரணமாகக் காட்டி அனுமதியை மாற்ற, அம்மாநிலத்தின் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்போது இடமே இருக்கவில்லை. புதிய சான்று கிடைத்தால் வேலையை உடனே நிறுத்தும் விதி இல்லாத எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடக் கூடாது.

விளம்பர ஆர்வத்தில் எல்லாத் தகவலையும் வெளியிடுவதும் தீங்கு. கல்லறைகள், சடங்கு இடங்கள் ஆகியவற்றின் துல்லியமான இருப்பிடம் இணைய வரைபடத்தில் ஏறிவிட்டால் திருடர்களுக்கு அதுவே வழிகாட்டி. இத்தகைய விவரங்களை மறைத்துவைக்க அமெரிக்காவின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே தனிப் பிரிவு உண்டு. எதைச் சொல்லலாம் என்பதை அறிந்த சமூகமே முடிவுசெய்யட்டும்.

பாதுகாப்பு என்ற பெயரில் அந்த மக்களையே வெளியே நிறுத்துவது இதைவிடக் கொடுமை. சடங்குக்கு நுழைவுக் கட்டணம் கேட்பதும், மூலிகை பறித்தால் அபராதம் விதிப்பதும் நடக்கின்றன. சாண்ட் கிரீக் சட்டம், வழித்தோன்றல்கள் பாரம்பரிய வழிபாட்டுக்காக அங்கே வந்துசெல்லும் உரிமையை வெளிப்படையாகவே எழுதிவைத்தது. அப்படி எழுதப்படாத உரிமை அதிகாரியின் மனநிலையைப் பொறுத்ததாகிவிடும்.

அவசரத்தில் திறப்பு விழா நாள் குறிப்பது இன்னொரு தவறு. சாண்ட் கிரீக்குக்கு 2000இல் சட்டம் வந்தபோது, விற்க விரும்பும் உரிமையாளரிடமிருந்தே தனியார் நிலத்தை வாங்க வேண்டும், போதிய நிலம் கைக்கு வந்த பிறகே தலம் நிறுவப்பட வேண்டும் என்ற நிபந்தனைகள் அதில் இருந்தன. தலம் முறையாக நிறுவப்பட்டது 2007இல். யாரையும் வெளியேற்றாமல், எவருடைய ஒப்புதலையும் தாண்டாமல் நிலம் சேர்ப்பதற்கு ஏழு ஆண்டுகள் தேவைப்பட்டால், திட்டத்தின் கால அட்டவணை அந்த ஏழு ஆண்டுகளுக்கும் ஊழியர் ஊதியத்தையும் காவல் செலவையும் ஒதுக்கித்தான் தொடங்க வேண்டும்.