தமிழ் வகுப்பும் இணைப்பாடப் பயிற்சியும் ஒரே நாளில் வந்தால்: பள்ளித் திட்டத்தில் பெற்றோர் கோரிக்கையை இடம்பெறச் செய்யும் முறை

சிங்கப்பூரில், தங்கள் பள்ளியில் தமிழ் கற்பிக்கப்படாததால் பிற்பகலில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குச் செல்லும் உயர்நிலை மாணவர்கள் பலருக்கு, அதே நாளில் விளையாட்டு, இசை போன்ற இணைப்பாட நடவடிக்கையும் அமைந்துவிடுகிறது. எங்கள் பள்ளியில் பெற்றோர் ஆதரவுக் குழுவின் வழியாக இதைத் தீர்த்துக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன்.

1. முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். 2021இல் பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் மதிப்பெண் முறை மாறியதும், 2023க்குள் அரையாண்டுத் தேர்வுகள் முழுவதும் நீங்கியதும் கல்வி அமைச்சின் முடிவுகள். அத்தகையவற்றைப் பள்ளி முதல்வரிடம் பேசிப் பயனில்லை. தமிழ்மொழி நிலையத்தின் அட்டவணையையும் பள்ளி மாற்ற இயலாது. பயிற்சி நாளும் வருகைக் கணக்கும் பள்ளியின் கையில் உள்ளவை.

2. விவரம் திரட்டுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கை உயர்த்தச் சொல்வதை நான் விரும்புவதில்லை. நூறு செய்திகளுக்கிடையே எண்ணிக்கை தொலைந்துவிடும். கூகல் படிவமே போதும். உயர்நிலை எத்தனை, எந்த நடவடிக்கை, எந்த நாள், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பவற்றை மட்டும் கேளுங்கள். பிள்ளையின் பெயர் வேண்டாம்.

3. காலம் பார்த்துக் கொடுங்கள். பெரும்பாலான கோரிக்கைகள் இங்கேதான் சிக்கிக்கொள்கின்றன. பெற்றோருக்குச் சிக்கல் தெரியவருவது ஜனவரியில். ஆனால் அதற்குள் ஆசிரியர்களின் பொறுப்புகள், மண்டபமும் திடலும் ஒதுக்கப்பட்ட நேரங்கள், வெளிப் பயிற்றுநரின் ஒப்பந்தம் ஆகிய அனைத்தும் முடிவாகியிருக்கும் என்பதால், எவ்வளவு நியாயமான கோரிக்கைக்கும் "அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்ற பதிலே கிடைக்கும். பள்ளிகள் மறு ஆண்டுத் திட்டத்தை ஆண்டின் பிற்பகுதியில் வகுக்கின்றன. ஆகவே மூன்றாம் தவணை தொடங்கியதும், ஜூலையிலேயே உங்கள் கடிதம் போய்ச் சேர வேண்டும்.

4. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. பேரன்ட்ஸ் கேட்வே செயலி பள்ளியின் அறிவிப்புகளைப் பெறவும் இசைவு தெரிவிக்கவும் நல்லது. இதற்கு மின்னஞ்சலே ஏற்றது. பெற்றோர் ஆதரவுக் குழுவைக் கவனிக்கும் ஆசிரியருக்கு அனுப்பி, தாய்மொழித் துறைத் தலைவருக்கும் இணைப்பாடப் பொறுப்பாளருக்கும் நகல் வையுங்கள். குறையை மட்டும் சொல்லாமல் இரண்டு வழிகளை முன்வையுங்கள். எங்கள் கடிதத்தின் மையப்பகுதி இதுதான்: "செவ்வாய்ப் பயிற்சியை வியாழனுக்கு மாற்ற இயலுமா? இயலாவிடில், தமிழ் வகுப்புக்காக முன்னதாகக் கிளம்பும் மாணவர்களுக்கு அன்றைய வருகையை முழுமையாகக் கணக்கிட இயலுமா?" இரண்டாம் கேள்வி அற்பமானதன்று. உயர்நிலை மாணவர்களின் இணைப்பாடப் பங்கேற்பை மதிப்பிடும் லீப்ஸ் 2.0 முறையில் ஓராண்டுப் பங்கேற்பு ஏற்கப்பட 75 விழுக்காடு வருகை வேண்டும்.

5. கூட்டத்தில் பேசி முடித்ததை அன்றே மின்னஞ்சலில் எழுதி, சரிதானா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பொறுப்பாசிரியர் மாறினாலும் எழுத்து நிற்கும்.

பின்சேர்க்கை: தொடக்கநிலை ஒன்றுப் பதிவில், பள்ளிக்குத் தொண்டாற்றிய பெற்றோர் போன்றோருக்கான 2பி கட்டத்திற்காகப் பெற்றோர் செய்யும் 40 மணி நேரத் தொண்டூழியமும் இதுவும் ஒன்றா என்று சிலர் கேட்டிருந்தனர். அது வேறு, அதற்கும் இக்குழுவில் சேர்வதற்கும் தொடர்பில்லை. மற்றொரு வாசகர், பள்ளி பயிற்சி நாளை மாற்றிக்கொடுத்த பின், பிள்ளை அடுத்த நிலைக்குச் சென்றதும் தமிழ் வகுப்பு நாளே மாறிவிட்டதாக எழுதியிருந்தார். ஆகவே, இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியுமென்றால் வருகைச் சலுகையைக் கேளுங்கள். நாள் மாறினாலும் அது செல்லும்.